ஆலோசகரைத் தேரும் வகை

வணிகம் தளருங்கால் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்தல் இந்நாளிற் பெருவழக்காயிற்று. நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் முதலாளிமாராயும் முகாமையாளராயும் விளங்குகின்றனர். இன்று கற்போருட் சிலர் நாளை அவ்விடத்துக்கு வருவர். ஆதலின் இப்பொருள்பற்றிச் சில கூறுதல் இம்மலருக்குப் பொருந்தும். தமிழாசிரியனுக்கு வணிகத்தில் என்ன வேலை என வினவுவாரும் உளர். பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்றோர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைக் கற்பிப்பவனுக்கு இது புறம்பான பொருளன்று.

முதலில் ஒரு வீழ்ச்சியை நோக்குவோம். 1931இல் தொடங்கப்பெற்ற சுவிஸ்ஸெயர் விமானக் கொம்பனி, 'பறக்கும் வங்கி' எனப்படுமளவுக்குச் செல்வம் மிக்கதாயிருந்தது. 1992இல் சுவிற்சர்லாந்து மக்கள் ஐரோப்பியப் பொருளாதார வலயத்திற் சேர்வதை வாக்களித்து நிராகரித்தனர். தன் சந்தை ஒடுங்குமென அஞ்சிய கொம்பனி, உலகப் புகழ் வாய்ந்த ஆலோசனை நிறுவனமொன்றின் துணையோடு, பிறநாட்டு விமானக் கொம்பனிகளிற் பங்கு வாங்கும் திட்டத்தை மேற்கொண்டது. வாங்கியவற்றுட் பல நட்டத்தில் இயங்கியவை. அவற்றின் சுமை வாங்கியவர் தலைமேல் விழுந்தது. 2001 செப்டெம்பர்த் தாக்குதலால் விமானத் தொழில் முழுவதும் தளர்ந்தபோது, அச்சுமையைத் தாங்கும் வலி அதற்கில்லை. ஒக்டோபர் 2ஆம் நாள், எரிபொருளுக்குக் கொடுக்கவும் கையிற் பணமின்றி அதன் விமானங்கள் நின்றுபோயின. ஆயிரக்கணக்கானோர் தொழிலிழந்தனர். ஆலோசகரின் புகழ் அவர்களைக் காக்கவில்லை.

இனி ஓர் எழுச்சி. அமெரிக்காவின் போர்ட் மோட்டார்க் கொம்பனி 1980 முதல் 1982 வரையுள்ள மூன்றாண்டுகளில் 300 கோடி டொலருக்கு மேல் நட்டமடைந்தது. அந்நெருக்கடியில் அது 1981இல் எட்வேர்ட்ஸ் டெமிங் என்னும் புள்ளிவிபர அறிஞரை நாடிற்று. அவர் அப்போது எண்பது வயதைக் கடந்தவர். 1950இல் யப்பான் சென்று உற்பத்தித் தரம்பற்றி விரிவுரையாற்றியவர். அவ்விரிவுரை நூலின் வருவாயைத் தமக்கெனக் கொள்ளாது விட்டமையால், அதனைக்கொண்டு 1951இல் அவர் பெயராற் பரிசொன்று நிறுவப்பட்டது. மோட்டார் வண்டியின் தரத்தைப் பற்றிப் பேசுவாரென எதிர்பார்த்த போர்ட் அதிகாரிகளிடம், அவர் முகாமை நடைபெறும் முறையைப் பற்றியே வினவினார். குறைகளிற் பெரும்பாலன தொழிலாளரால் வருவனவல்ல, தலைவர் வகுத்த முறையால் வருவன என்பது அவர் கொள்கை. கசந்த அவ்வுரையைக் கொம்பனி கேட்டது. 1986இல் அதன் இலாபம் ஜெனரல் மோட்டர்ஸின் இலாபத்தை விஞ்சிற்று. 1920களுக்குப்பின் அதுவே முதன்முறை. அவ்வெற்றி முழுவதும் ஒருவராலானதன்று. எனினும் அவர் பங்கு சிறிதன்று.

நம்மவர் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? நாடி பாராமலே மருந்துப் பொட்டலத்தை அவிழ்க்கும் பரிகாரியை நாம் நம்புவதில்லை. அவ்வாறே, கணக்கேட்டைப் புரட்டுமுன் திட்டத்தை நீட்டும் ஆலோசகரையும் நம்பலாகாது. கணக்கப்பிள்ளையோடும் களஞ்சியக் காப்பாளரோடும் தொழிலாளியோடும் இருந்து பேசுகின்றாரா, தாம் சொல்லும் பரிகாரத்தால் தமக்கு வேறு ஊதியம் உண்டா, தாம் நீங்கியபின் நிறுவனம் தானே நடக்கக் கற்பித்துச் செல்வாரா என்பவற்றை ஆராய்தல் வேண்டும். ஆட்குறைப்பையே முதல் மருந்தாகக் கூறுபவரிடம் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். ஏனெனில், பிழை முதலாளியுடையதாயிருக்க, பட்டினி தொழிலாளியின் வீட்டுக்குச் செல்லும்.

இத்தகையோர் பெருந்தொகை கேட்பர், சிறுவணிகர் எங்ஙனம் அழைப்பது எனலாம். நேர்மையும் அனுபவமுமுள்ள, ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவரே பல கடைகளுக்குப் போதும். ஆயின் எவரை அழைப்பினும், உண்மைக் கணக்கை அவர்முன் வைக்கும் துணிவும், 'குறை உம்மிடமே' என அவர் கூறின் சினவாது கேட்கும் பொறையும் முதலாளிக்கு வேண்டும். அவ்விரண்டும் இல்லாதார்க்கு எந்த ஆலோசகராலும் பயனில்லை.