மட்டை வந்தது, திடல் எங்கே?

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர் மணத்தி கணேசன். ஆழ்வார்திருநகரியிலிருந்து தொலைவில் இல்லாத சிற்றூர்க்காரர். அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்வைத் தழுவி 2025இல் ‘பைசன்’ படமும் வந்துவிட்டது.

பெருமை பேசினால் மட்டும் போதுமா? ஆடுகளம் வேண்டாமா? கபடிக்குத் தேவை 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், கல் பொறுக்கிய மண், இரண்டு விளக்குகள். ஆனால் ஊர்த் திடல்கள் திருவிழா என்றால் வண்டி நிறுத்தும் இடம், அறுவடை என்றால் நெற்களம், மழை என்றால் குளம். மற்ற நாட்களில் முந்தி வந்து ஸ்டம்ப் நட்டவர்கள் வைத்ததே சட்டம். பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கானது. நல்ல முயற்சி. ஆனால், மட்டையும் பந்தும் பூட்டிய அறையில் தூசி படியாமலிருக்க ஒழுங்கு வேண்டும். எந்த விளையாட்டுக்கு எந்த நேரம் என்று திடலிலேயே பலகை வையுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் சிறுமிகளுக்கென்றே ஒதுக்குங்கள். பராமரிப்புப் பொறுப்பாளர் யார் என்பதும் அதில் இருக்கட்டும். விடுமுறையில் பள்ளித் திடல்களைத் திறந்துவிடுங்கள்.

ஆழ்வார்திருநகரிப் பேரூராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் மனம் வைத்தால் கோடை விடுமுறைக்குள் இது முடிகிற வேலைதான்.