நெருப்பைக் கேட்ட சீடர்களும் நாமும்



எருசலேமை நோக்கிப் பயணமான இயேசு, வழியிலே சமாரியர் வாழ்ந்த ஓர் ஊரில் தங்க விரும்பினார். அவ்வூரார் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் எருசலேமுக்குப் போகிறார் என்பதே அதற்குக் காரணம். யூதர் எருசலேமிலும் சமாரியர் கெரிசிம் மலையிலும் இறைவனைத் தொழுதனர். வழிபாட்டிடம் பற்றிய இவ்வழக்கு அவ்விரு மக்களையும் பல தலைமுறைகளாகப் பிரித்து வைத்திருந்தது. சினமுற்ற யாக்கோபும் யோவானும், வானத்திலிருந்து நெருப்பு இறங்கி அவ்வூரை அழிக்கும்படி தாங்கள் சொல்லட்டுமா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். அவரோ திரும்பி அவர்களைக் கடிந்துகொண்டார். பின்பு வேறோர் ஊருக்குச் சென்றார். லூக்கா நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் இதைக் கூறுகிறது.

நெருப்பைக் கேட்டவர்கள் தீயவர்கள் அல்லர். ஆண்டவர்மீது பேரன்பு கொண்ட திருத்தூதர்கள். பக்தியின் பெயராலேயே மனிதன் நெருப்பைக் கேட்கக்கூடும் என்பதுதான் இந்நிகழ்ச்சி நமக்குத் தரும் எச்சரிக்கை. மாத்தளை மாவட்டத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துக் கதையன்று.

மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் பஞ்சரத பவனியை அறியாதவர் நம்மில் இல்லை. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டவர் பலர். எஞ்சியவர்கள் தங்களுடன் கொண்டுவந்தது தங்கள் தெய்வ நம்பிக்கை ஒன்றையே. அந்த மக்களின் உயிரோடு கலந்த அக்கோவில் 1983 ஜூலைக் கலவரத்தில் தீக்கிரையாகி, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது.

2012 ஏப்ரல் 20ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமையன்று, தம்புள்ளையில் மஸ்ஜிதுல் ஹைரியா பள்ளிவாசலை நோக்கிப் பிக்குமார் சிலரின் தலைமையில் பெருங்கூட்டம் ஒன்று ஊர்வலமாகச் சென்றது. பள்ளிவாசல் புனித பூமிக்குள் அமைந்துள்ளது, ஆகவே அகற்றப்பட வேண்டும் என்பது அவர்களது வாதம். அன்று அங்கு ஜும்ஆத் தொழுகை நடைபெறவில்லை. பள்ளிவாசலை வேறிடத்துக்கு மாற்றும்படி அன்றைய அரசு பணித்தது. அதே புனித பூமியில் இருந்த பத்திரகாளியம்மன் கோவில் 2013 ஒக்டோபரில் இடிக்கப்பட்டது. இவற்றைப் பௌத்த மக்கள் அனைவர் மீதும் சுமத்துவது அநீதியாகும். 1983இல் தங்கள் உயிரையும் பொருட்படுத்தாது தமிழரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த பௌத்தர்கள் பலர்.

பின்னர் கொவிட் பெருந்தொற்று வந்தது. நோயால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பது 2020இல் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி வரை அனுமதி கிடைக்கவில்லை. ஜனாஸாவை மண்ணில் அடக்குவதைக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள், தங்கள் பெற்றோரும் பச்சிளங் குழந்தைகளும் எரிக்கப்படுவதைத் தடுக்க இயலாமல் நின்றன. அதற்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. கல்லறையில் செபமாலை சொல்லி, இறந்த விசுவாசிகளின் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுகின்ற நமக்கு அந்த வேதனை விளங்க வேண்டும்.

இந்நிகழ்ச்சிகள் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. பிறர் வழக்கத்தை மதிப்பது விழா நாட்களில் வாழ்த்துச் சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்தவரின் வழக்கம் நமது இடத்தையும் நேரத்தையும் வசதியையும் தொடும்போதுதான் அது சோதிக்கப்படுகிறது. நமக்கு வலிமை இருக்கும்போது, அல்லது நாம் காயப்பட்டிருக்கும்போது, அச்சோதனை கடுமையாகிறது.

அத்தகைய சோதனை 2019 உயிர்ப்பு ஞாயிறன்று நமக்கே வந்தது. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் திருவழிபாட்டுக்கு வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்நாட்களில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை பொறுமை காக்கும்படி மன்றாடினார். ஆயினும் அடுத்த மாதமே குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. நம் வீடுகளில் அப்போது பேசப்பட்டவை என்ன? கைகள் கல்லெடுக்காவிட்டாலும் நாவுகள் நெருப்பைக் கேட்டனவா? ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சான்றைக் கேட்டுப் பார்க்கட்டும்.

நாம் மறக்கக்கூடாத ஒரு கடனும் உண்டு. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்து குருக்களை விரட்டிய காலத்தில், நமக்குப் புகலிடம் தந்தது பௌத்த மன்னரின் கண்டி இராச்சியம். 1692இல் கண்டிக்கு வந்த புனித யோசேவாஸ் அடிகளார் முதலில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனே அவருக்குப் பணியாற்றும் உரிமையை வழங்கினான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை அடிகளார் சாதி சமயம் பாராமல் பராமரித்தார். மன்னன் தந்த மதிப்புக்கு அவர் அளித்த மறுமொழி அது. இன்று கலேவலைக்கு அருகே வாஹகோட்டையில் புனித அந்தோனியாரைத் தேடிச் செல்லும் நாம், போர்த்துக்கேய வழிவந்த கத்தோலிக்கரை அந்த மண்ணில் வாழவிட்டதும் அதே கண்டி இராச்சியம்தான் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்துக் கற்களும் இதற்குச் சாட்சி கூறுகின்றன. நாலந்தாவிலுள்ள கெடிகே திராவிடக் கோவிற் கலையில் எழுந்த பௌத்த வழிபாட்டிடம். போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அது கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு மீண்டும் நிறுவப்பட்டது. தம்புள்ளைக் குகை விகாரையிலே புத்தரின் திருவுருவங்களோடு விஷ்ணுவின் சிலையும் நிற்கிறது. ஒருவர் மரபை மற்றவர் இடித்துத் தள்ளாமல் வாழ்ந்த காலமும் இந்த மண்ணுக்கு உண்டு.

திருச்சபையின் படிப்பினையும் இதுவே. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், தத்துவபோதகர் என்னும் பெயருடன் அம்மக்களின் உடையையும் உணவையும் ஏற்றார். குடுமியும் சந்தனமும் பூணூலும் புறச்சமயச் சின்னங்களா என்ற வழக்கு உரோமை வரை சென்றது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். 1659இல் விசுவாசப் பரப்புதல் பேராயம் ஆசிய மறைத்தூதர்களுக்கு அனுப்பிய அறிவுரை இன்னும் தெளிவானது. விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் வெளிப்படையாக முரணாக இல்லாவிடில், மக்களின் பழக்கவழக்கங்களை மாற்றும்படி வற்புறுத்தலாகாது என்றும், ஐரோப்பிய நாடுகளின் வழக்கங்களைச் சீனத்துக்குக் கொண்டுசெல்வது மடமை என்றும் அது எச்சரித்தது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருப்பவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28 அன்று அறிவித்தது. அந்த அறிக்கைக்கு 2025இல் அறுபது ஆண்டுகள் நிறைந்தன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரியில் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்த நம் நாட்டுக்கு வந்தபோது, கொழும்பில் ஒரு விகாரைக்கும் சென்றார். அதனால் அவருடைய விசுவாசம் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

அப்படியானால் எல்லாம் ஒன்றே என்று நாம் சொல்ல வேண்டுமா? இல்லை. மதித்தல் வேறு, வழிபடுதல் வேறு. கோவிற் பிரசாதத்தை வாங்கலாமா என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் புனித பவுல் இத்தகைய கேள்வியை விரிவாக ஆராய்கிறார். பிற தெய்வ வழிபாட்டில் பங்குகொள்வதை அவர் ஏற்பதில்லை. ஆனால் அழைத்தவர் வீட்டில் பரிமாறப்படுவதைத் துருவி ஆராயாமல் உண்ணலாம் என்கிறார். படைக்கப்பட்டது என்று எவரேனும் அறிவித்தால், அவருடைய மனச்சான்றின் பொருட்டு விலகிக்கொள்ளச் சொல்கிறார். நம் செயலால் பிறரின் மனச்சான்று புண்படக்கூடாது என்பதே அவரது அளவுகோல். ஏற்க இயலாதபோதும் கைகூப்பி, இன்சொல்லால் மறுக்கலாம். முகஞ்சுளித்து மறுப்பதை விசுவாச உறுதி என்று எண்ண வேண்டாம்; அது வெறும் பண்பின்மை.

அன்பார்ந்த பெற்றோரே, இப்பாடம் பிள்ளைகளுக்கு வீட்டில்தான் கிடைக்கிறது. பாங்கொலி கேட்கும்போது நீங்கள் சொல்லும் ஒரு சொல்லை அவர்கள் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பார்கள். விகாரைக்குச் சென்றால் காலணியைக் கழற்றவும், புத்தர் சிலைக்கு முதுகுகாட்டிப் படமெடுக்காதிருக்கவும் சொல்லிக்கொடுங்கள். நமது திருவிழாப் பவனி பள்ளிவாசலைக் கடக்கையில் தொழுகை நேரமாயின், பட்டாசையும் பறையையும் சற்று நிறுத்துவோம். போயா தினத்தில் நம் வீட்டுக் கொண்டாட்டம் வந்தால், ஒலிபெருக்கியைக் குறைத்து அயலாரின் தியானத்துக்கு இடமளிப்போம். கலப்புத் திருமணத்தால் நம் இல்லத்துக்கு வந்த மருமகளின் தாய்தந்தையர் விபூதி அணிந்து வாசலில் நிற்கும்போது, அவர்களை முகமலர்ந்து வரவேற்போம்.

நாளை நமது சிற்றாலயத்தின் மீதும் எவரேனும் கை வைக்கக்கூடும். அன்று அயலவர் நமக்காக எழுந்து நிற்க வேண்டுமென்று விரும்புகிறோம். அவர்களது கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் துன்புறும் நாளில் நாம் எழுந்து நிற்காவிட்டால், எந்த முகத்தோடு அதைக் கேட்போம்?

நெருப்பைக் கேட்ட அதே யோவான், பின்னாளில் பேதுருவுடன் சமாரியாவுக்கே அனுப்பப்பட்டார் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 8ஆம் அதிகாரம் கூறுகிறது. எந்த மக்கள்மீது நெருப்பு விழ வேண்டுமென்று விரும்பினாரோ, அந்த மக்கள்மீது கைகளை வைத்துத் தூய ஆவியைப் பெறும்படி மன்றாடினார். ஆண்டவரின் கடிந்துரையை ஏற்றுக்கொண்ட சீடரிடம் விளைந்த மாற்றம் அது. நம் கைகளும் அவ்வாறே ஆசி வழங்கும் கைகளாக மாற ஆண்டவர் அருள்புரிவாராக.