ஊர்ப் பிள்ளைக்கு நீச்சல் தானா வராது

ஒரே வீடியோவை நாலு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. ஏதோ ஒரு நகரத்துல நடந்த குடும்ப ட்ரையத்லான். அப்பா, அம்மா, ஏழெட்டு வயசுப் பையன், அவனை விடச் சின்னதா ஒரு பொண்ணு. முதல்ல நீச்சல், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். முடிவில் நாலு கழுத்துலயும் மெடல். வீடியோவுக்குக் கீழே அனுப்பினவங்க எழுதியிருந்ததும் கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான்: "அண்ணாச்சி, இதைத்தானே நாம தினமும் செஞ்சிட்டுத் திரிஞ்சோம்? இதுக்குப் போய் காசு கட்டுறானுங்க பாருங்க!"

நாலு பேருமே கோவில்பட்டிப் பக்கத்துல பிறந்து, இப்ப சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிறவங்க. நான் சிரிச்சுப் பதில் போடுவேன்னு நினைச்சிருப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அந்த வாசகத்துல ரெண்டு தப்பு இருக்கு. ஒண்ணு அந்தக் குடும்பத்தைப் பத்தினது. அது சின்னது. இன்னொண்ணு எங்க பிள்ளைகளைப் பத்தினது. அது உயிர் போற விஷயம்.

சின்னதை முதல்ல முடிச்சிடுறேன். ட்ரையத்லான்னா பணக்காரன் விளையாட்டுன்னு ஒரு நினைப்பு இருக்கு. பத்து லட்சம் ரூபாய் சைக்கிள், ரப்பர் உடுப்பு, கோவாவுல அயர்ன்மேன். அது பிற்பாடு வந்தது. இந்தப் பேர்ல இன்னிக்கு நாம பார்க்கிற விளையாட்டு அமெரிக்காவில் சான் டியாகோ பக்கம் மிஷன் பே என்ற இடத்தில் 1974 செப்டம்பர் 25 அன்னிக்கு ஆரம்பிச்சது. அது ஒரு புதன்கிழமைச் சாயங்காலம், வேலை முடிஞ்சு வந்தவங்க ஓடின ஓட்டம். கலந்துகிட்டவங்க ஐம்பது பேருக்குள்ளதான். ஓட்டத்துல ஒரு பகுதி வெறுங்கால்ல, புல்லுலயும் மணல்லயும். அதுல ஜான் காலின்ஸ்னு ஒரு கடற்படை அதிகாரி, மனைவியையும் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்து கலந்துகிட்டார். நாலு வருஷம் கழிச்சு, 1978-ல், ஹவாயில் அயர்ன்மேனை ஆரம்பிச்சதும் இந்தத் தம்பதிதான். அதனால பிள்ளைகளோடு போறது இந்த விளையாட்டுக்குப் புதுசா வந்த ஆடம்பரம் இல்ல. முதல் நாளே குடும்பம் இருந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மாலுக்குப் போய் பொரிச்ச கோழி தின்னுட்டு வர்றதுக்கு, இது நூறு மடங்கு மேல்.

பிள்ளையைக் கடிகாரம் வச்சு விரட்டுற அப்பன்களும் இருக்காங்கதான். அழுதுகிட்டு நிக்கிற பிள்ளையைக் கோட்டைத் தாண்ட வச்சு போட்டோ எடுத்தா, அது பிள்ளையோட போட்டி இல்ல, அப்பனோட ஃபேஸ்புக். அவங்களைத் திட்டுங்க, நானும் கூட வர்றேன்.

இப்ப பெரிய விஷயம்.

அந்த முதல் போட்டியில வரிசை வேற. முதல்ல ஓட்டம், அப்புறம் சைக்கிள், கடைசியிலதான் நீச்சல். பின்னாடி வந்தவங்க நீந்தி முடிக்கிறதுக்குள்ள இருட்டிப் போச்சு. கரையில நின்ன கார்களோட முகப்பு விளக்கைப் போட்டு வெளிச்சம் காட்டியிருக்காங்க. இன்னிக்குப் பெரும்பாலும் அப்படி நடத்த மாட்டாங்க. நீச்சல்தான் முதல்ல. காரணம் ரொம்பச் சாதாரணமானது: களைச்சவன் ரோட்டுல உக்காந்துக்கலாம், தண்ணிக்குள்ள உக்கார முடியாது.

எங்க ஊர்ப் பிள்ளைகள் "தினமும் செய்ற" ட்ரையத்லானுக்கு என்ன வரிசை தெரியுமா? லீவு நாள்ல ரெண்டு பேர் ஒரு சைக்கிள்ல ஏறி கம்மாய்க்குப் போவாங்க. வெயில் தாழுற வரைக்கும் கிரிக்கெட். ஓடி, வேர்த்து, கை கால் துவண்டு, கடைசியா தண்ணியில குதிப்பாங்க. 1974-ல மாதிரியே நீச்சல் கடைசியில. கார் வெளிச்சம் கூடக் கிடையாது.

2020 ஆகஸ்ட்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணையில் நடந்ததும் இதேதான். கிரிக்கெட் விளையாட வந்த பையன்கள் அப்புறம் குளிக்க இறங்கியிருக்காங்க. நாலு பேர் ஆழத்துல மாட்டிக்கிட்டாங்க. செந்தமிழ்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவல்லின்னு மூணு பெண்கள், கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி ரெண்டு பேரை இழுத்துட்டாங்க. ரெண்டு பேர் போயிட்டாங்க. அந்தப் பெண்களுக்கு அரசாங்கம் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது, கொடுக்கத்தான் வேணும். ஆனா அந்தப் பையன்களும் ஊர்ப் பிள்ளைகள்தானே? தானா வரும்னு சொன்ன நீச்சல் எங்கே போச்சு?

நீங்க கத்துக்கிட்ட காலத்தை யோசிச்சுப் பாருங்க. கமலை ஓடின கிணறு. படிக்கட்டு இருக்கும். தண்ணி மேலேயே கிடக்கும். மாமனோ சித்தப்பனோ இடுப்புல கயித்தைக் கட்டி, முதுகுல சுரைக்குடுக்கையை மாட்டி, உள்ளே தள்ளி விடுவார். மேலே தோட்டத்துல எப்பவும் நாலு ஆள் வேலை செஞ்சிட்டு இருப்பாங்க, ஒரு சத்தம் போட்டா போதும். அதாவது உங்களுக்கு வாத்தியார் இருந்தார், கயிறு இருந்தது, காவல் இருந்தது. பணம் கட்டலங்கிறதாலே அது தானா வந்த மாதிரி இன்னிக்குத் தோணுது.

இப்ப எங்க கரிசல்ல அந்தக் கிணறு எங்கே? கமலை போச்சு, பம்புசெட் வந்தது, அப்புறம் போர் வந்தது. பாதிக் கிணறு தூர்ந்து போய் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கு. தண்ணி கிடக்கிற மீதிக் கிணத்துல படி இடிஞ்சு கிடக்கு, குதிச்சவன் ஏறி வர வழி இல்ல. அதுக்குப் பதிலா வந்திருக்கிறது பண்ணைக்குட்டை. மானாவாரிக்காரனுக்கு அது தெய்வம், குறையே சொல்ல மாட்டேன். உளுந்து பூக்கிற நேரத்துல மழை கைவிட்டா ஒரு தண்ணி காட்டிக் காப்பாத்திடலாம். ஆனா ஏழெட்டு அடி ஆழம், சுத்தி வேலி கிடையாது. கரிசல் மண் நனைஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? மேலே வழுக்கும், அடியில காலைப் பிடிச்சுக்கும். பிளாஸ்டிக் விரிச்ச குட்டை இன்னும் மோசம். பெரிய ஆளே விழுந்தா பிடிமானம் கிடைக்காது. கம்மாயில வண்டல் எடுக்கிறேன்னு அங்கங்கே தோண்டிப் போட்ட குழியும், தண்ணி நிறைஞ்ச பிறகு கண்ணுக்குத் தெரியாது.

"நாம தினமும் செஞ்சோம்"னு சொல்றீங்களே, அந்த "நாம" யாரு? உங்க தங்கச்சி நீந்தினாளா? பெரும்பாலான வீட்டுப் பொம்பளைப் பிள்ளைகள் கிணத்து மேட்டுல துணி துவைச்சதோட சரி. தெருவுக்குத் தெரு கிணறு வேற வேறயா இருந்ததே, அதுல எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தக் கிணறு? 2018 ஜூன்ல மகாராஷ்டிராவில் ஜல்கான் மாவட்டத்துல, கிணத்துல குளிச்ச குத்தத்துக்கு தாழ்த்தப்பட்ட வீட்டுச் சிறுவர்களை அடிச்சு, துணியில்லாம ஊர் நடுவே நடத்தினாங்க. அது எங்கேயோ வடக்கே நடந்ததுன்னு தள்ளிட முடியாது. காசு கட்டி உள்ளே போற நீச்சல் குளத்துல ஒரு நல்ல காரியம் இருக்கு, டிக்கெட்டுல சாதி கேக்க மாட்டான்.

சைக்கிளையும் ஓட்டத்தையும் பத்தி அதிகம் சொல்ல வேண்டாம். அரசாங்க சைக்கிள் பதினொண்ணாம் வகுப்புலதான் கைக்கு வருது. சின்னப் பிள்ளைகள் வேன்லயும் டவுன் பஸ்லயும்தான் போகுது. அரைப்பெடல் போட்ட கதை உங்க வயசோட முடிஞ்சது. ஓட்டம்னா, கோடையில கரிசல்ல கால் உள்ளே போற அளவுக்கு வெடிப்பு, மழையில ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு கிலோ மண் செருப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல வெளியிட்ட அறிக்கைப்படி, 2021-ல மட்டும் உலகத்துல சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கிச் செத்திருக்காங்க. 5-லிருந்து 14 வயசு வரை உள்ள பிள்ளைகளைக் கொல்ற காரணங்கள்ல அது மூணாவது. பள்ளிக்கூட வயசுல நீச்சலும் தண்ணிப் பாதுகாப்பும் சொல்லிக் கொடுக்கிறதுதான் அவங்க சொல்ற வழிகள்ல ஒண்ணு.

சீவலப்பேரியில இருந்து தாமிரபரணித் தண்ணியைக் குழாய்ல கொண்டு வந்து குடிக்கிற ஊர்ல நீச்சல் குளமான்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குளம்னா 3.75 லட்சம் லிட்டர் பிடிக்கும். சுத்தம் பண்ணிப் பண்ணி அதே தண்ணியைத்தான் ஓட்டுவாங்க, தினம் தினம் மாத்துறதில்ல. ஒரு பெரிய பண்ணைக்குட்டை இதை விட ரெண்டு மூணு மடங்கு பிடிக்கும். தண்ணி இல்லாததில்ல விஷயம், யாரும் கேக்காததுதான்.

இதே வறண்ட ஊர்ல ஹாக்கி வளர்ந்துச்சே, எப்படி? எங்க பிள்ளைகளுக்கு ஹாக்கி ரத்தத்துல ஊறினது கிடையாது. போட்டி நடத்த ஆள் இருந்தாங்க, செயற்கைப் புல் மைதானம் வந்தது, விடுதி வந்தது, பயிற்சியாளர் வந்தார். 2022 ஆசியக் கோப்பையில வெண்கலம் வாங்கின இந்திய அணியில மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார், கோவில்பட்டிப் பையன். இடமும் ஆளும் கொடுத்தா வரும். இல்லேன்னா எதுவும் தானா வராது.

குளம் கட்டுற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். நகரத்துல மே மாசம் நீச்சல் வகுப்பு நடக்கும், எங்களுக்கு அது உதவாது, அப்ப இங்கே தவளைக்கே தண்ணி இருக்காது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் மார்கழி, தை. அரையாண்டு லீவும் பொங்கல் லீவும் அப்பத்தான். தண்ணி இருக்கிறதும் பிள்ளைகள் சாகுறதும் அப்பத்தான். நீங்க ஊருக்கு வர்றதும் அப்பத்தான். உங்க பிள்ளைகள் பீஸ் கட்டி முறையா நீச்சல் படிச்சிருக்கு. உங்கள்ல பல பேரும் படிச்சிருக்கீங்க. வர்றப்ப கிணத்துல குதிக்கிற வீடியோ எடுத்துப் போடுறதுக்குப் பதிலா, படி நல்லா இருக்கிற ஒரு கிணத்தைப் பாருங்க. வடக்கயிறு ஒண்ணு, காத்தடிச்ச லாரி ட்யூப் நாலு, கரையில நீந்தத் தெரிஞ்ச ரெண்டு ஆள். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் கூப்பிடுங்க, பொம்பளைப் பிள்ளைகளையும் சேர்த்து. காலையில இறக்குங்க, விளையாடி முடிச்ச பிறகு வேண்டாம். பத்து நாள்ல மிதக்க வந்திடும். முழுகுறவனைப் பார்த்தா கூடக் குதிக்கக் கூடாது, கயித்தையோ சேலையையோ கம்பையோ வீசணும்னு அதுக்குள்ளேயே சொல்லிக் கொடுத்திடலாம்.

எங்க தோட்டத்துக் கிணத்துல போன வாரம் இடிஞ்ச மூணு படியைக் கொத்தனாரை வச்சுக் கட்டிட்டேன். ட்யூபுக்கு ஏற்பாடு ஆயிட்டு இருக்கு. மார்கழி கடைசியில யார் யார் ஊருக்கு வர்றீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க.