பதில் வேண்டாத கேள்விகள்

ஐயப்பன்தாங்கலில், மவுண்ட்-பூந்தமல்லி சாலையை ஒட்டிய தெருக்களில் ஹிந்தி டியூஷன் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. 1968-ல் இரு மொழிக் கொள்கை வந்த பிறகு அரசுப் பள்ளியில் ஹிந்தி கிடையாது. வேண்டியவர்கள் காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும். 1918-ல் தேவதாஸ் காந்தி சென்னையில் பாடம் சொல்லித் தொடங்கிவைத்தாரே, அந்தச் சபையின் பரீட்சைகள்: பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று குழந்தைகள் படியேறுகிறார்கள். ஆனால் கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரர் ஒருவர் வாசலில் நின்று வழி கேட்டால், விசாரத் தேறிய பெண் உள்ளே ஓடி அம்மாவை அழைத்து வருகிறாள். அம்மா கையால் சைகை காட்டி அனுப்புகிறாள்.

கூச்சம் என்கிறார்கள் ஆசிரியர்கள். நான் ஒப்ப மாட்டேன். குற்றம் அவர்கள் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. புத்தகத்தைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்கிறார் ஒருவர். அது புத்தகம் என்று அவருக்கும் தெரியும், குழந்தைக்கும் தெரியும், சுவரில் இருக்கும் பல்லிக்கும் தெரியும். பதிலே வேண்டாதவருக்கு யார் வாய் திறப்பார்கள்? ஸ்பானிஷ் வகுப்பிலும் இதே கூத்துதான்.

"உங்கள் வீட்டுக்கு நேற்று தண்ணீர் லாரி எப்போது வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு வேண்டிய நாலு சொற்களை முதலிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். இட்லியா தோசையா என்று ஒரே சொல்லில் பதில் அடங்கும் கேள்விகள் முதல் வாரத்துக்கு. எங்கே, எப்போது பிறகு. ஏன் என்பது கடைசியில். கேட்ட பிறகு தயவுசெய்து சும்மா இருங்கள். நம் ஆசிரியர்களுக்கு அதுதான் ஆகாத காரியம். குழந்தை சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே விடையையும் தாமே சொல்லிவிடுகிறார்கள்.

தப்பாகப் பேசிப் பழகிவிடுமாம். ரொட்டி பெண்பால், தயிர் ஆண்பால் என்று வைத்திருக்கும் பாஷையில் தமிழ்க் குழந்தை தடுக்கி விழத்தான் செய்யும், விழட்டுமே! அந்தப் பீகார்க்காரர் டீக்கடையில் "அண்ணா, ஒரு டீ வருவான்" என்று சொல்லித்தான் தமிழ் கற்றார். கடைக்காரர் டீயைக் கொடுத்தார், மார்க்கைக் குறைக்கவில்லை.

ஹிந்தி வேண்டுமா என்று 1937-லிருந்து சண்டை. 1965-ல் உயிர்களே போயின. அந்த வழக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை இழந்து உட்கார்ந்துவிட்ட குழந்தைக்குப் பேச்சாவது வரவேண்டாமா என்பது என் வழக்கு. பெற்றோர்கள் டியூஷன் வாசலில் நின்று மார்க்கை விசாரிக்கிறார்கள். "இன்றைக்கு என் பெண்ணிடம் என்ன கேட்டீர்கள்?" என்று ஒருவராவது விசாரித்ததுண்டா?