'ஒன் மினிட்'டுக்கு எத்தனை நிமிடம்?

 

நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு நாளைக்கு எத்தனை 'ஒன் மினிட்' கேக்குதுன்னு யாராவது எண்ணியிருக்கீங்களா? தண்ணி குடிக்கப் போறவன் 'டூ மினிட்ஸ் சார்'னு சொல்லிட்டுப் போறான், அடுத்த பீரியடுக்குத்தான் வர்றான். நோட்டு கேட்டா 'ஜஸ்ட் எ செகண்ட்'ங்கிறா, மறுநாள்தான் தர்றா. இங்கிலீஷ் பேசுறது தப்பே இல்ல. ஆனா பேசுற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சு பேசணும் என்பதே என் கருத்து.

அளந்த சொல், அளக்காத சொல்

கொஞ்ச நேரத்தைக் குறிக்கிற சொற்கள் ரெண்டு வகை. செகண்ட், மினிட் இரண்டும் அளந்த சொற்கள். 'மினிட்' என்பது 'சின்னது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மணி நேரத்தை 60-ஆகப் பிரித்த முதல் சின்னப் பங்கு மினிட். அதை மறுபடியும் 60-ஆகப் பிரித்த இரண்டாவது சின்னப் பங்குதான் செகண்ட். ஓட்டப் பந்தயத்துல ஃபர்ஸ்ட், செகண்ட்னு சொல்றோமே, அதே செகண்ட்தான் இது! 1967-இல் விஞ்ஞானிகள் சீசியம் அணுவின் அதிர்வை வைத்து அதை இன்னும் துல்லியமாக வரையறுத்துவிட்டார்கள்.

'எ வைல்', 'ஷார்ட்லி', 'இன் எ ஜிஃபி' எல்லாம் அளக்காத சொற்கள். 'மொமன்ட்' மட்டும் ஒரு காலத்தில் அளந்த சொல்லாக இருந்தது. ஐரோப்பாவில் மணி நேரத்தில் 40-இல் ஒரு பங்கு, அதாவது 90 செகண்ட். இப்ப அதுவும் அளக்காத பக்கம் வந்துடுச்சு.

தமிழிலும் இப்படியே. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு விநாழிகை 24 செகண்ட். வீட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்க, இன்னும் இருக்கு. இவை அளந்தவை. சற்று, இமைப்பொழுது, நம்ம ஊர்ப் பேச்சுல 'செத்த இரு', 'தோ வந்துட்டேன்' இதெல்லாம் அளக்காதவை. எழுத்தின் மாத்திரைக்குக் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அளவாகச் சொன்னது தொல்காப்பியம். இங்கிலீஷ்லயும் 'பிளிங்க் ஆஃப் ஆன் ஐ' என்றால் இமைப்பொழுதுதான். அதனால தமிழ் மீடியம் பசங்க இந்த வார்த்தைகளைப் பாத்துப் பயப்படவே வேணாம்.

சொல் தேய்ந்த கதை

'சூன்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்குப் பழைய காலத்தில் 'உடனே' என்றுதான் அர்த்தம். 'பிரசன்ட்லி'யும் அப்படித்தான். உடனே வர்றேன்னு சொல்லிட்டு ஜனங்க மெதுவா வந்ததால, அந்தச் சொற்களுக்கு 'சீக்கிரத்தில்', 'பிறகு' என்று அர்த்தம் ஆகிவிட்டது. நம்ம 'நிமிஷம்' மட்டும் என்ன? வடமொழியில் அது கண் இமைக்கும் நேரம். அப்புறம் 60 செகண்ட் ஆச்சு. இப்ப அரை மணி நேரம் ஆகப் பாக்குது! சொல்றவங்க சொன்னபடி நடக்கலைன்னா சொல்லும் தேய்ஞ்சு போகும்.

ஒரு நிமிஷத்தின் விலை

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா வெண்கலத்தை இழந்தது நூறில் ஒரு பங்கு செகண்டால். கண் இமைக்கிறதுக்குக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும்.

ஒலிம்பிக் தூரமா இருக்குன்னா பக்கத்துலயே சொல்றேன். எங்க ஆயா ஒரு வேலையா ஒரு ஆபீசுக்குப் போனாங்க. 'ஒரு நிமிஷம் உக்காரும்மா'ன்னாங்க. அப்ப மணி பத்தரை. கூப்பிட்டது ஒன்றரைக்கு. அந்த ஒரு நிமிஷத்தை நம்பி ஆயா டீ குடிக்கக்கூட எழுந்து போகல. பஸ்ஸும் போச்சு, அன்னிக்குக் களை வெட்டுற கூலியும் போச்சு. 'மத்தியானம் ஆகும்மா'ன்னு சொல்லியிருந்தா, களை வெட்டிட்டு மறுநாள் போயிருப்பாங்க. காக்க வைக்கிறவங்களுக்கு அது வெறும் வார்த்தை. காத்திருக்கிறவங்களுக்கு அது ஒரு நாள் சம்பளம்.

சுந்தரர் பிறந்த ஊர் நம்ம திருநாவலூர். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன்னு திருவொற்றியூரில் சத்தியம் செய்து, அதை மீறியதால் அவர் கண் பார்வையையே இழந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இறைவனின் தோழருக்கே அந்தக் கதின்னா நாம எம்மாத்திரம்?

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான்:

1. நேரம் சரியாத் தெரிஞ்சா மட்டும் 'டூ மினிட்ஸ்' சொல்லுங்க. சொன்னா ரெண்டே நிமிஷத்துல வாங்க.

2. தெரியலைன்னா 'செத்த நேரம் ஆகும்'னு சொல்லுங்க. இங்கிலீஷ்லதான் சொல்லணும்னா 'இட் வில் டேக் எ வைல்'. பொய் இல்லாத வாக்கியம்.

3. ரொம்ப நேரம் ஆகும்னா அதையே சொல்லிடுங்க. காத்திருக்கிறவங்க வேற வேலையாவது பாப்பாங்க.

நாளைக்கு இந்தப் பள்ளியிலிருந்து போய் ஏதாவது ஒரு ஆபீஸ் நாற்காலியில நம்மில் சிலர் உக்காரத்தான் போறோம். எதிரே யாரோ ஒருத்தரோட ஆயா நிப்பாங்க. அப்ப என்ன சொல்லணும்னு இப்பவே பழகிக்குவோம்!

இப்படிக்கு,
11-ஆம் வகுப்பு மாணவி