முதலில் கணக்கிடுவோம்

1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் பாம்பன் இரயில் பாலத்தைச் சிதைத்தது. சீரமைக்க ஆறு மாதம் ஆகும் என்று கருதினர். பொறியாளர் ஸ்ரீதரனின் குழுவோ 46 நாள்களில் முடித்தது. எவ்வாறு? புதிய இரும்பு உத்திரங்களுக்காக மட்டும் காத்திராமல், கடலுள் வீழ்ந்து கிடந்தவற்றையும் தேடி எடுத்து மீண்டும் பொருத்தினர்.

வேகம் மட்டுமே வேலையை முடிக்காது என்பது என் கருத்து. கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று முதலில் கணக்கிட வேண்டும். பிறகு வேலையைப் பகுத்து, நாள் குறித்து, பொறுப்பைப் பங்கிட வேண்டும். ஒருவரே அனைத்தையும் சுமப்பது குழுப்பணி அன்று.

மாணவர்களே, செயல்திட்டத்தைக் கடைசி இரவில் தொடங்குபவருக்குக் கணக்கிட நேரம் ஏது? ஆசிரியர் தலைப்புத் தந்த அன்றே பட்டியலை எழுதுங்கள்.