மூழ்கிய தீவுக்கும் பெயர் உண்டு

தூத்துக்குடிக்கு எதிரே கடலில் விலங்குச்சல்லி என்று ஒரு தீவு இருந்தது. இப்போது இல்லை. நீருக்குள் போய்விட்டது.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. இரண்டும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமற் போயிற்று. கடல் மட்டமும் உயர்ந்து வருகிறது. 2001-ல் பவளம் எடுக்கத் தடை வந்தது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. பக்கத்துக் காரியாச்சல்லித் தீவில், 1969-ல் இருந்த நிலத்தில் பாதிக்கு மேல் இன்று இல்லை.

தீவே போகிறது, பெயரா முக்கியம் என்று கேட்பவர்கள் உண்டு.

வேம்பார் பக்கத்துக் கடலில் இரண்டு தீவுகளின் பெயரைப் பாருங்கள். ஒன்று நல்லதண்ணித் தீவு. மற்றது உப்புத்தண்ணித் தீவு. தாகத்தோடு வருகிற படகுக்காரன் எங்கே இறங்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது!

கடலுக்கு அடியிலும் பெயர்கள் உண்டு. முத்துச்சிப்பி கிடக்கும் மேட்டைப் 'பார்' என்பார்கள். தொலாயிரம் பார் அவற்றில் பேர்போனது. கடலில் பெயர்ப்பலகை நட முடியாது. மீனவர்கள் கரையைப் பார்த்தே இடம் கண்டார்கள். கோவில் கோபுரமும் ஒரு பனைமரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்கள் ஒன்றாகத் தெரிய வேண்டும். இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் வலை இறங்கும். பள்ளிக்கூடம் போகாதவர்கள் செய்த சர்வே அது.

வெள்ளைக்கார அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் இந்த வளைகுடாவின் முத்துக் குளிப்பை ஆராய்ந்து, 1905-ல் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். பார்களை அவர் குறித்தது நம்மவர் சொன்ன பெயர்களால்தான். அரசாங்கத்துக்கு வேண்டியது முத்து வருமானம். ஆனாலும் பெயர்கள் பிழைத்தன. முத்துக் குளிப்பு 1961-டன் நின்றுபோயிற்று.

எல்லாப் பெயருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவு இங்கிலீஷில் 'ஹேர் ஐலண்ட்' ஆனது. மண்டபத்துக்குப் பக்கத்து முசல் தீவும் 'ஹேர் ஐலண்ட்'தான்! தமிழ்க் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் படத்தில் இல்லை.

நாம் மட்டும் ஒழுங்கா? காரியாச்சல்லி என்றும் காரைச்சல்லி என்றும் நாமே இருவிதமாக எழுதுகிறோம். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசு உத்தரவு வந்தது. எழுத்தில் குறை கண்டு பலர் பேசினார்கள். சில நாளிலேயே உத்தரவு வாபஸ் ஆனது. அறையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினால் இப்படித்தான் ஆகும். ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் காதால் கேட்க வேண்டும்.

ஒரு நில அளவை அதிகாரியும், வயதான மீனவர் இருவரும் ஒரே படகில் போகட்டும். தீவு, பார், மேடு, ஆழம் ஒவ்வொன்றுக்கும் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதட்டும். ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் எழுதட்டும். விலங்குச்சல்லி இருந்த இடமும் படத்தில் இருக்க வேண்டும். மேலே தெரியாத மேடுதானே படகுக்கு ஆபத்து!

இன்றைய இளைஞர் கையில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. நல்ல கருவிதான். அது இடத்துக்கு எண்ணைக் கொடுக்கிறது; பெயரைக் கொடுப்பதில்லை. பெயர் தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது. விலங்குச்சல்லி மணலில் கால் வைத்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். முதல் படகில் அவர்களை ஏற்ற வேண்டும்.